குடைத்துணியில் தைத்த முதுகுப்பை

முதுகில் 'விபத்து' என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டு மலை ஏறிய ஒரே பெண், எனக்குத் தெரிந்து, நான்தான். தெரியாமல் நடந்த தவறு என்று தப்பித்துக்கொள்ளவும் முடியாது. தெரிந்தேதான் ஏறினேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். டிப்ளமோ முடித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். (ஹெல்மெட் போடாதவர்களை முறைத்துப் பார்ப்பதுதான் வேலை. அதற்கும் படிப்பு தேவைப்படுகிறது.) மேற்பயிற்சிக்கு ஆறு மாதம் புனே அனுப்புவதாகக் கம்பெனியில் சொன்னார்கள். நைனா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். ஒரு ராத்திரிகூட வெளியே தங்காத பெண் ஆறு மாதம் எப்படித் தங்குவாள் என்பது அவர் கட்சி.

அந்தச் சமயத்தில்தான், சென்னையில் இருந்து ஒரு குழு ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திர மலைகளில் இரண்டு நாள் நடக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். பெண்களும் நாலைந்து பேர் வந்தார்கள். அதை நடந்து முடித்துவிட்டால் புனேவுக்கு அனுப்ப வேண்டும் என்று நைனாவிடம் பந்தயம் போட்டேன்.

"செரி. பாதியில திரும்பி வந்தா அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார்.

படித்தவள் அல்லவா, நேராக பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நெட்டில் பார்த்தால், வெளிநாட்டுக்காரர்கள் மலைகளில் மாதக்கணக்கில் நடக்கிறார்கள். அவர்களுடைய பை ஒரு தலையணை எடைகூட இல்லை. பட்டை எதற்கு, பஞ்சு எதற்கு, பல் துலக்கும் பிரஷுக்கு அவ்வளவு நீளக் கைப்பிடி எதற்கு என்று கேட்டிருந்தார்கள். எனக்கு ஞானம் பிறந்துவிட்டது.

அந்த மாதிரி லேசான துணி இங்கே எங்கே கிடைக்கும்? பாதுகாப்பு வாரத்தில் கொடுத்தது போக மீந்த பெரிய குடைகள் சில எங்கள் பிரிவில் கம்பி வளைந்து கிடந்தன. கேட்டு வாங்கிக்கொண்டு புதுவாயலில் ஒரு டெய்லர் பாயிடம் போனேன்.

"கொடையில பையா? மழ வந்தா விரிச்சிக்கலாமாம்மா?" என்று கேட்டார். ஆனால் அருமையாகத் தைத்தார். ஒரே ஒரு சங்கடம். குடையில் 'விபத்து' என்று பெரிதாக ஒரு வரியும், 'இல்லாத நாளே நல்ல நாள்' என்று அதன் கீழே ஒரு வரியும் இருந்தன. கீழ் வரி மடிப்புக்குள் போய்விட்டது.

பிரித்துத் தைத்தால் இன்னொரு மடிப்பு, அதாவது கூடுதல் எடை. வேண்டாம் என்றுவிட்டேன். தோளில் மாட்டும் பட்டையில் பஞ்சு வைக்கவும் விடவில்லை. வழியில் காயலான் கடைத் தராசில் பையை வைத்துப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. கடைக்காரர் எங்கோ பார்த்துக்கொண்டே, "எதுனா வெய்யிமா" என்றார். அன்று நான் அடைந்த பெருமைக்கு அளவே இல்லை.

கிளம்பும் நாள் காலையில் நைனா என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"முதுவுல இன்னாமா போட்டுக்கீது?"

"கம்பெனி பேரு நைனா."

"எனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு பாக்காத. எங்க ரோலிங் மில்லுல இதே எழுத்து போட்ட போர்டுக்குக் கீழதான் தெனமும் நின்னுக்கினு கீறேன். விபத்துன்னுதானே போட்டுக்கீது?"

அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் பஸ் வந்துவிட்டது.

மலையில் முதல் ஏற்றத்திலேயே தோள் அறுந்து விழும்போல் வலித்தது. காற்று மாதிரி இருந்த பை எப்படிக் கனக்கிறது என்று யோசிக்கும்போதே வலது பட்டை பிய்ந்தது. பை உருண்டது. உருள உருள 'விபத்து' மேலே வந்தது, கீழே போனது, மறுபடி மேலே வந்தது. பின்னால் வந்தவர்கள் பதறி ஓடி வந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறையப் புளிசோறு எட்டிப் பார்த்தது. பையில் ஒன்றுமே இல்லையே என்று பரிதாபப்பட்டு அம்மா எனக்குத் தெரியாமல் வைத்தது. கூடவே எடை குறைக்க நான் நறுக்கி வைத்திருந்த பாதி பிரஷ், பாதி சோப்பு, பாதி சீப்பு, பாதித் துண்டு.

"மீதிப் பாதியை யாராவது எடுத்துட்டு வர்றாங்களா?" என்று ஒரு பெண் அக்கறையாக விசாரித்தாள்.

குழுத் தலைவர் சிரிக்கவில்லை. அவர் முதுகில் பீரோ அளவுக்கு ஒரு வெளிநாட்டுப் பை. "இதை வச்சிக்கிட்டு நடக்க முடியாது சிஸ்டர். கைடோட கீழ திரும்பிடுங்க" என்றார்.

கீழே திரும்புவதா? கண்ணுக்கு முன்னால் புனே ரயில் என்னை விட்டுவிட்டுப் புறப்பட்டது. துப்பட்டாவை உருவி, பிய்ந்த பட்டைக்குப் பதிலாக முறுக்கிக் கட்டினேன். புளிசோற்றை அங்கேயே எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தேன். தலைவரும் இரண்டு கை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட வாயால் மறுபடி திரும்பிப் போ என்று சொல்ல அவருக்கு வரவில்லை.

மறுநாள் ஒரு பாறைக் குளம் குறுக்கே வந்தது. நீந்தித்தான் கடக்க வேண்டும். தலைவரின் பீரோ தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊறி, நாலு பேர் இழுத்தும் கரையேற மறுத்தது. நான் காலி டப்பாவை இறுக மூடிப் பைக்குள் போட்டு, காற்றோடு சேர்த்து வாயைக் கட்டினேன். குடைத்துணி உப்பிக்கொண்டு பந்துபோல் மிதந்தது. ஏரியில் நீந்தி வளர்ந்தவள் நான்; அதைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக அக்கரை சேர்ந்தேன். பிறகு அதோடு திரும்பிப் போனேன்; எல்லோருடைய செல்போன்களும் கேமராக்களும் என் பைக்குள் இருந்த டப்பாவில் ஏறி, ஒரு சொட்டு ஈரம் படாமல் வந்து சேர்ந்தன. 'விபத்து' அன்று முழுக்கப் படகாக ஓடியது.

தலைவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "இந்தப் பை எந்த நாட்டுல வாங்கினீங்க சிஸ்டர்?" என்றார்.

"புதுவாயல்" என்றேன்.

நடந்து முடித்து, ஒரு தோளில் பட்டையும் மறு தோளில் துப்பட்டாவுமாக வீட்டு வாசலில் நின்றேன். நைனா என்னை மேலும் கீழும் பார்த்தார். கை கால் எண்ணிக்கை சரியாக இருந்தது போலிருக்கிறது. உள்ளே திரும்பி அம்மாவிடம் ஒரே ஒரு வரி சொன்னார். புனேவுக்குச் சம்மதம் என்பதை அவர் வேறு எப்படியும் சொல்லவே இல்லை. அடுத்த வாரம் ரயிலேற்ற அவரே வந்தார்.

இப்போது அதே கம்பெனியில் நான்தான் பாதுகாப்பு அதிகாரி. விபத்து வராமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆனால் சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, நைனா அன்று சொன்ன அதே வரியை இன்றும் உள்ளே பார்த்துச் சொல்கிறார்:

"விபத்து வந்துட்ச்சி, சோறு போடு."