ஐம்பது பிரதிகள் மட்டும்

கார்த்திகை பிறந்த அன்று காலை, பல் துலக்குவதற்கு முன்பே, தமிழ்க் கவிதையைக் காப்பாற்றுவது என்று ஹேமநாத் முடிவெடுத்தார். ஆரணியில் ஒரு பட்டுக்கடையின் மேலாளர் இதைச் செய்தே ஆகவேண்டுமா என்று கவிதை கேட்கவில்லை. மனைவி சந்தனா கேட்டாள்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பேஜாரு?"

"கையால செய்ற புத்தகம் சந்தனா. ஐம்பதே பிரதி. மெஷின் கைபடாது."

மெஷின் கை படவில்லை. சந்தனாவின் கைதான் பட்டது. தாளை மடித்ததும், ஊசியால் துளையிட்டதும், பட்டு நூலால் முதுகைத் தைத்ததும், கடையில் மிஞ்சிய பட்டுத் துண்டை அட்டையில் ஒட்டியதும் அவள். எழுத்துகளை அச்சுக்கட்டையால் ஒத்தியெடுத்ததும் அவள்தான். கடைசிப் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டவர் பதிப்பாளர் ஹேமநாத். அந்த வேலை முழுக்க முழுக்க அவருடைய கைவண்ணம்.

புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பது சந்தனாவின் தொழில். அதற்கு வெளிச்சமான முன் அறை வேண்டும். அந்த அறைதான் இப்போது 'ஒற்றை இழை பதிப்பகம்'. குஞ்சமும் சந்தனாவும் சமையலறைக்குக் குடிபோனார்கள். மிக்ஸிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிய குஞ்சத்தில் மிளகாய்ப்பொடி நெடி அடிப்பதாக ஒரு கல்யாண வீட்டார் புடவையைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

புத்தகத்தின் பெயர் 'நிழலுக்கு வேர்க்கிறது'. எழுதியவரும் ஹேமநாத்தான். ஒரு பக்கத்துக்கு மிஞ்சிப்போனால் மூன்று சொல். அதற்கு மேல் எழுதினால் உரைநடை ஆகிவிடும் என்பது அவர் கொள்கை. மீதி இடம் வாசகன் சிந்திப்பதற்கு. ஆரணி வாசகர்கள் சிந்திக்க அவர் ஏக்கர் கணக்கில் இடம் விட்டிருந்தார்.

"பொங்கலுக்குள்ள ஐம்பதும் போவலன்னா?" என்று கேட்டாள் சந்தனா.

"ரூமைக் காலி பண்ணிடுறேன். ஆனா, போயிடுச்சுன்னா ரூம் பதிப்பகத்துக்குத்தான். அப்புறம் பேசக்கூடாது."

மார்கழி பத்தாம் தேதி வரை இரண்டு பிரதிகள் போயின. ஒன்றைக் கடை முதலாளி வாங்கி, பிரிக்காமலே மேசைக்கால் ஆடாமல் முட்டுக் கொடுத்தார். இன்னொன்றை ஹேமநாத்தே வாங்கிக்கொண்டார். ராத்தூக்கம் போயிற்று. அறை போனால் பெயர்ப்பலகையை எங்கே மாட்டுவது?

சந்தனா காபி கொண்டுவந்து வைத்தாள்.

"நான் வித்துத் தரட்டுமாங்க?"

"நீயா? இதெல்லாம் வளையல் மாதிரி இல்லம்மா."

"வித்தா, அடுத்த புத்தகத்தை வாங்கறவங்க கேக்கற மாதிரி போடணும். சம்மதமா?"

ஹேமநாத்துக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தியும் வாங்கப்போவதில்லை. வாங்கினால் இன்னும் நல்லது. "வாசகர்தான் எனக்கு எஜமான்" என்றார் பெருந்தன்மையாக.

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அதிலும் மூன்றே சொல்தான்.

நான்கே நாள். நாற்பத்தெட்டும் போய்விட்டன. எதிர்வீட்டு உதயா செய்யாரில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். கம்பெனி பஸ்ஸில் அவள் மட்டும் இருபது விற்றாளாம். ஹேமநாத் தெருவில் நடக்கும்போது தோள் தானாக விரிந்தது. கவிதை தொழிலாளி வர்க்கத்தைத் தொட்டுவிட்டது.

தொட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. மறுநாள், ஷிப்ட் முடிந்து வந்த உதயாவை வாசலிலேயே பிடித்தார்.

"புத்தகம் எப்படிம்மா இருக்குது?"

"சூப்பருங்க சார். தினமும் விடிகாலையில அத்த வெச்சிகினுதான் வாசலுக்கே வரேன்."

ஹேமநாத்தின் கண் கலங்கியது. "எந்தப் பக்கம் ரொம்பப் பிடிச்சுது?"

"பதினேழாம் பக்கம்."

பதினேழாம் பக்கத்தில் என்ன எழுதினோம் என்று அவருக்கு நினைவில்லை. "அதுல எந்த வரி?"

"அதுல வரியே இல்லீங்களே. அதான் பெரிய கோலமா வரைய முடிஞ்சுது."

உதயா புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் புள்ளி வைத்து, பென்சிலால் தாமரை, மயில், தேர். ஒரு மயிலின் வால் 'நான் இல்லாத நான்' என்ற கவிதையைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

ஹேமநாத் செருப்பைக் கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் பாய்ந்தார். முன் அறையில், பெயர்ப்பலகைக்குக் கீழே, வெளிச்சத்தில் காலை நீட்டி உட்கார்ந்து சந்தனா தாள் மடித்துக்கொண்டிருந்தாள். குஞ்ச நூலும் திரும்பி வந்திருந்தது.

"கோல நோட்டுன்னு சொல்லி வித்தியா?"

"நான் ஒண்ணுமே சொல்லலைங்க. பிரிச்சுக் காட்டினேன். அவங்களே முடிவு பண்ணிக்கினாங்க."

"இது என்ன தாளு?"

"ரெண்டாம் பதிப்பு. முந்நூறு கேட்டிருக்காங்க. ஜல்தியா கைய கழுவிகினு வாங்க, மடிக்க ஆள் பத்தல."

முந்நூறு. ஹேமநாத்தின் கோபம் பாதியில் நின்றது. எப்படியானால் என்ன, முந்நூறு பிரதி போகிற கவிஞன் இந்த ஜில்லாவில் யார் இருக்கிறான்? மெல்ல உட்கார்ந்தார்.

"அப்போ புத்தகம் எல்லாருக்கும் பிடிச்சிருக்குது."

"ரொம்ப. ஒரே ஒரு குறைதான் சொல்றாங்க. உங்க எஜமானருங்க பேச்சு, தட்ட முடியாது."

"என்னவாம்?"

"நடுவுல நடுவுல எழுத்து வருதாம்."