காதுகுத்தில் ஏறிய பிரஷர்

ஆசிரியர் வேலையில் ஒரு தொந்தரவு உண்டு. நாலரைக்குப் பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் நமக்குள் இருக்கும் டீச்சருக்கு மணி அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து யாருக்காவது பாடம் எடுத்தால்தான் அவள் அடங்குவாள். எனக்கு வாய்த்த மாணவர் என் கணவர். ஒரே மாணவர் என்பதால் நாற்பது பேருக்கான கண்டிப்பையும் அவர் ஒருவரே வாங்கிக்கொண்டார்.

நான் காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். கணவர் சேதுராமன் செக்காலை ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேச மாட்டார். (பேச எங்கே இடம் கிடைக்குது என்று அவருடைய தங்கச்சி செல்வி கேட்பாள்.) ஒரே மகள் யாழினி அப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன் இவருக்குச் சளி பிடித்து டாக்டரிடம் போனோம். கிளினிக் இரண்டாவது மாடியில். கீழே ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் ஒருவரோடு தகராறு. தகராறு செய்தது நான். நடுவில் நின்று இரண்டு பக்கமும் கும்பிட்டது இவர். அந்த வேகத்தோடு மாடியேறி உட்கார்ந்ததும் நர்ஸ் பிரஷர் பார்த்தார். நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு.

"ஒரு தடவை பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. வீட்ல ரெண்டு வாரம் காலையில பாத்துட்டு வாங்க" என்றார் டாக்டர்.

அவர் இவரைப் பார்த்துத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டது நான்.

அந்த வாரமே யாழினி ஒரு ஸ்மார்ட் பிரஷர் மெஷினை ஆன்லைனில் வாங்கி எடுத்துக்கொண்டு வந்தாள். பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். எண் காட்டும் திரையே அதில் கிடையாது. கையில் சுற்றும் ஒரு பட்டை, அதன் ஓரத்தில் ஒரு குழாய், குழாயில் ஒன்று, இரண்டு என்று சின்ன சுவிட்ச். ஒரே மெஷினை இரண்டு பேர் தனித்தனியாகப் பயன்படுத்தலாமாம். கையில் சுற்றி அமுக்கினால் அது மூச்சு இழுத்துவிட்டு, எண்ணைப் போனுக்கு அனுப்பிவிடும். யாழினி என் போனில் எல்லாவற்றையும் ஏற்றி, பெயர்களை அடித்து, அடுப்படி வாசலில் நின்று விளக்கினாள். குக்கர் மூன்றாவது விசிலில் இருந்தது.

"புரிஞ்சுச்சாம்மா?" என்றாள்.

"பிசிக்ஸ் டீச்சர்கிட்ட கேக்குற கேள்வியாடி இது" என்றேன்.

அவள் ஊருக்குப் போனதும் சோதனையைத் தொடங்கினேன். காலை ஐந்தரை மணி. இவரை நாற்காலியில் நேராக உட்காரவைத்து, கால் மேல் கால் போடக் கூடாது, பேசக் கூடாது, நினைக்கக் கூடாது என்று சொல்லி, சுவிட்சை ஒன்றில் வைத்துக் கையில் சுற்றினேன். எந்தச் சோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும் அல்லவா. ஆரோக்கியமான உடம்பு எப்படி இருக்கும் என்று இவருக்குக் காட்டுவதற்காக, சுவிட்சை இரண்டில் வைத்து என் கையிலும் கட்டிக்கொண்டேன். எண்ணைப் பார்த்தால் பதற்றம் வந்து எண் கூடிவிடும் என்று போனை உள்ளறையில் வைத்திருந்தேன். இப்படி ஒரு விதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே போட்டேன்.

பிறகு பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் போனைத் திறந்து பார்த்தேன். 'அம்மா' என்ற பெயருக்குக் கீழே நூற்றிருபதுக்கு எழுபத்தெட்டு, பச்சை நிறத்தில். 'அப்பா' என்ற பெயருக்குக் கீழே நூற்றி நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றிரண்டு, சிவப்பில்.

எனக்கு ஒரு பக்கம் கவலை. இன்னொரு பக்கம், இதை ஏன் மறைக்க வேண்டும், ஒரு சின்ன பெருமை.

அன்று சாயங்காலமே வீட்டில் உப்பு நின்றது. எனக்கு இல்லை, இவருக்கு மட்டும். இவருக்கென்று தனிப் பாத்திரம், தனிக் குழம்பு. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் இவர் இலைக்குத் தடை. நெற்குப்பை ஊரில் இருக்கும் செல்வி, அண்ணனுக்குப் பிடிக்கும் என்று ஒரு டப்பா நிறைய உப்புக்கண்டம் போட்டு அனுப்பியிருந்தாள். உப்பில் ஊறிக் காய்ந்த ஆட்டுக்கறியைப் பிரஷர்காரருக்கு எப்படிக் கொடுப்பது? நல்ல கறியைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை. தினம் நாலு துண்டு வறுத்து நானே தின்றேன். இவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"இது ரசமா, வெந்நியா?" என்று ஒரு நாள் கேட்டார். ஒன்றரை மாதத்தில் அவர் செய்த ஒரே கலகம் அதுதான்.

"உயிரோட இருக்கணும்னா குடிங்க."

குடித்தார்.

விநோதம் என்னவென்றால், நான் எவ்வளவு கட்டுப்படுத்தினேனோ அவ்வளவுக்கு 'அப்பா' எண் ஏறியது. இரண்டாவது வாரம் நூற்றைம்பத்தாறு. நான்காவது வாரம் நூற்றி அறுபது. கடையில் இவர் திருட்டுத்தனமாக வடை தின்கிறார் என்று சந்தேகப்பட்டு, கடையில் வேலை பார்க்கும் முருகேசனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "அண்ணன் வெறும் டீ கூட குடிக்கறதில்ல டீச்சர், பாக்கவே பாவமா இருக்கு" என்றார். நான் நம்பவில்லை. டாக்டர் சொன்ன இரண்டு வாரம் எப்போதோ முடிந்திருந்தது. இந்த எண்ணோடு போனால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? குறைத்துக் காட்டிவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். தேர்ச்சி அறிக்கையை ஒளித்துவைக்கும் பிள்ளைகளை எத்தனை தடவை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.

நடுவில் எனக்குப் பின்மண்டை வலிக்க ஆரம்பித்தது. இவரை நினைத்து நினைத்து வரும் வலி என்று முடிவு செய்து, இவரிடமே அதைச் சொல்லியும் காட்டினேன். இவருக்குக் கடையில் ஏணியிலிருந்து இறங்கும்போது கண்ணை இருட்டியது.

"பாத்தீகளா, பிரஷர் வேலையக் காட்டுது" என்று ராத்திரி மோரிலும் உப்பை நிறுத்தினேன்.

இந்த நிலையில்தான் செல்வி வீட்டுக் காதுகுத்து வந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து அவளுக்குப் பிறந்த பெண். இவர் தாய்மாமன். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர், கிடாய் விருந்தில் முதல் இலையில் உட்கார வேண்டியவர். நான் ஒரு கையில் சீர்த்தட்டும் மறு கையில் தூக்குச்சட்டியுமாக நெற்குப்பையில் போய் இறங்கினேன். தூக்குச்சட்டியில் உப்பில்லாத சுரைக்காய்க் கூட்டு.

"என்ன மதினி, கிடாய் வெட்டுற வீட்டுக்குச் சொரக்காயோட வாரீக?" என்றாள் செல்வி.

"ஒங்க அண்ணனுக்கு நூத்தி அறுவத்தெட்டு" என்றேன், கோயில் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காலையிலிருந்து இவர் ஒன்றும் சாப்பிடவில்லை. வெயில் வேறு. மொட்டை அடித்து முடித்து, சந்தனம் பூசிய பிள்ளையை மடியில் வைத்தார்கள். பிள்ளை மாமனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறியது. காது குத்த வந்த ஆசாரி முதல் காதைக் குத்தி முடித்தார். இரண்டாவது காதுக்குக் கம்பியை எடுத்தபோது, மடியோடு மாமன் பின்னால் சாய்ந்தார்.

நல்லவேளை, விசேஷத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்து பின்னால் நின்ற யாழினி தோளைத் தாங்கிக்கொண்டாள். செல்வி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். ஆசாரி கம்பியை மேலே தூக்கிப் பிடித்தபடி, "இத்தன வருசத்துல புள்ளைக மயங்கிப் பாத்திருக்கேன், மாமன் மயங்கி இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

"பிரஷர் ஏறிருச்சு" என்று யாரோ கத்த, செல்வி அழ, கூட்டம் கூடிவிட்டது. செல்வியின் மாமனார் ஒரு டாக்டரிடம் முப்பது வருடம் கம்பவுண்டராக இருந்தவர். இவரை மண்டபத்துக்குள் படுக்கவைத்து நாடியைப் பிடித்துப் பார்த்தார். "நாடி தளந்தாப்புலல்ல இருக்கு" என்று முணுமுணுத்தார்.

அந்த நேரத்தில் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றும். பயந்தது உண்மை. ஆனால் கைப்பையிலிருந்து மெஷினை எடுத்தபோது, வகுப்பில் செய்முறை காட்டும் குரல் தானாக வந்துவிட்டது.

"எல்லாரும் கொஞ்சம் விலகுங்க. இது ஸ்மார்ட் மெஷின். இப்பத் தெரிஞ்சுரும்."

சுவிட்சை ஒன்றில் வைத்தேன். சுற்றினேன். அமுக்கினேன். போனை யாழினியிடம் கொடுத்து, "சத்தமா படி, கம்பவுண்டர் மாமாவும் கேக்கட்டும்" என்றேன்.

"தொண்ணூத்தெட்டுக்கு அறுவத்திரெண்டு" என்றாள்.

"சரியாப் பாரு. மெஷின்ல சார்ஜ் இல்லபோல."

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இது ஒன் பேருல வந்திருக்கு. ஏன் ஒண்ணுல வச்ச?"

"அப்பாதான ஒண்ணு?"

"ஒண்ணு நீ. ரெண்டுதான் அப்பா. அன்னைக்கே அடுப்படியில நின்னு சொன்னேன்ல."

பள்ளியில் பெண்கள் தினத்துக்குப் பேச்சுப்போட்டிக் கட்டுரையெல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் ஒன்று யார் என்று யாரும் என்னிடம் தகராறு செய்யவில்லை. பெற்ற மகளே எனக்குக் கொடுத்திருந்த இடத்தை நானாகத் தூக்கி இவருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

கம்பவுண்டர் மாமாதான் முதலில் கூட்டிக் கழித்தார். "அப்ப அந்த நூத்தி அறுவத்தெட்டு யாருக்கு டீச்சர்?"

மண்டபமே என்னைப் பார்த்தது. மாமா இவர் கையிலிருந்து பட்டையைக் கழற்றி என் கையில் சுற்றினார். நான் கால் மேல் கால் போட்டிருந்தேன் போல. "காலை எறக்குங்க, பேசாம இருங்க" என்றார். யாழினி சத்தமாகப் படிக்கவில்லை. போனை மட்டும் நீட்டினாள். நூற்றி எழுபத்திரண்டுக்கு நூற்றி நாலு.

அதற்குள் யாரோ இவருக்கு ஒரு சொம்பு மோரில் உப்பள்ளிப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, "புள்ளையக் கொண்டாங்க, இன்னொரு காது கெடக்குல்ல" என்றார்.

விருந்தில் எங்களை அடுத்தடுத்து உட்காரவைத்தார்கள். இவர் இலையில் கறி, ஈரல், ரத்தப் பொரியல், எலும்புக் குழம்பு. ஆறு வாரப் பாக்கி என்று செல்வியே நின்று பரிமாறினாள். என் இலையில் அப்பளம் வைக்க வந்தவரை மாமா கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு என் தூக்குச்சட்டியைத் திறந்து, நான் கொண்டுவந்த சுரைக்காய்க் கூட்டை எனக்கே வைக்கச் சொன்னார்.

ஒரு வாய் வைத்தேன். ஒன்றரை மாதமாக இதையெல்லாம் சமைத்தவள் நான். ஒரு நாள்கூட ருசி பார்த்ததில்லை. துணியை ஊறவைத்துப் பிழிந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் திரும்பி இவர் முகத்தைப் பார்த்தேன். இதையா தினம் வாயைத் திறக்காமல் தின்றீர்கள் என்று கேட்க நினைத்தேன். இவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

மறுநாள் டாக்டர் போனிலிருந்த வரைபடத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா ஒரு நாள் விடாம யாரும் பாத்துட்டு வந்ததில்ல டீச்சர். பேரை மட்டும் நான் மாத்திப் படிச்சுக்கிறேன்" என்றார். இவருக்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடட்டும் என்றார். எனக்கு மாத்திரை எழுதினார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்காமல் விட்டிருந்தால் விபரீதமாகியிருக்கும் என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரில் நான் வாயே திறக்கவில்லை. இவர்தான் பேசினார்.

"நல்லவேளை, எனக்குன்னு நெனச்சுப் பாத்த. ஒனக்குன்னா ரெண்டாம் நாளே மெஷினப் பரண்ல போட்டுருப்ப."

அவர் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் அழுதேன். கண்ணாடியில் பார்த்திருப்பார்.

அன்று அழுததை யாரிடமும் இவர் சொல்லவில்லை. மற்றதை ஊரே சொல்லிக்கொண்டது. இவர் பக்கத்துச் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், ஊறுகாய் வாளியோடு வருகிறவர் என் இலைக்கு எதிரில் வந்ததும் நின்று, "மதினி, ஒங்க பேருல வைக்கவா, அண்ணன் பேருல வைக்கவா?" என்று கேட்காமல் நகர்வதில்லை.

போன மாதம் அரியக்குடியில் ஒரு கல்யாணம். என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் மகளுக்கு. நெற்குப்பைக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நிம்மதியாக உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கார அம்மா ஒருவர் ஊறுகாயோடு வந்தார். நான் முன்பின் பார்த்ததே கிடையாது. என் இலைக்கு முன்னால் கரண்டி நின்றது. அவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யாரு பேருல டீச்சர்?" என்றார்.

"ரெண்டையும் எம் பேருலயே வையிங்க" என்று இவர் தன் இலையை நகர்த்திக் கொடுத்தார்.