செங்கல் மாளிகைக்குப் பொங்கல்படி

முக்கூடல்,
மார்கழிக் கடைசி.

அன்புள்ள தங்கச்சி பொன்செல்விக்கு அண்ணன் கொம்பையா எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் மதினி தங்கத்தாயும், ஆற்றில் தண்ணீரும், வயலில் வாழையும் சுகம். அங்கே நீயும், மாப்பிள்ளை மணிராஜும், இங்கிலாந்துக் குளிரும் சுகம்தானே?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் வேணி கல்யாண ஃபிளெக்ஸில் உங்கள் இரண்டு பேர் படத்தையும் பெரிதாகப் போட்டு, அடியில் "மணமகளின் மாமா, இங்கிலாந்து தொழிலதிபர் மணிராஜ் அவர்கள், தமது சொந்த மாளிகை முன்பு" என்று எழுதி வைத்தது என் வேலைதான். உன் மதினி தலையில் பழியைப் போடலாமா என்றும் யோசித்தேன். இந்தக் கடிதத்தை அவள் வாசித்த பிறகுதான் ஒட்டவிடுவாள் என்பதால் உண்மையை எழுத வேண்டியதாயிற்று.

ஆனால் தப்பு என்மேல் இல்லை, பனிமேல். நீதானே கார்த்திகையில் "அண்ணே, இங்க மொதப் பனி விழுந்திருக்கு, பாரேன்" என்று படம் அனுப்பினாய்? பின்னால் சிவப்புச் செங்கல் கட்டடம், பெருமாள் கோயில் வாசல் உயரத்துக்குக் கதவு, பக்கத்தில் ஒரு போர்டு, மாப்பிள்ளையின் இரண்டு கையிலும் பை நிறைய ரொட்டியும் டப்பாவும், உன் தலையில் கம்பளித் தொப்பி. நான் என்னத்தை நினைப்பேன்? போர்டில் இங்கிலீஷ். நான் அஞ்சாங்கிளாஸ் அரைப்பரீட்சையோடு நின்றவன். பெரிய வீட்டுக்காரர்கள் வாசலில் பேர் எழுதி வைப்பார்களே, அது மாப்பிள்ளை பேர் என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஃபிளெக்ஸ் கடை கணேஷ்ராம் "மாமாவுக்கு என்ன தொழிலு அண்ணாச்சி?" என்றான். "வயசானவங்களப் பாத்துக்கிடுத வேலைடே" என்றேன். "அது ஃபிளெக்ஸ்ல எடுப்பா இருக்காது, தொழிலதிபர்னு போட்டுருவோம்" என்று போட்டுவிட்டான். என்னையே அவன் வாழை ஏற்றுமதியாளர் என்று போட்டிருந்தான். நான் வாழைத்தாரை லோடு ஆட்டோவில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறான்.

மண்டப வாசலில் எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது, மேலப்பாளையத்தில் துணிக்கடை வைத்திருக்கிற நம் சிநேகிதன் யஹ்யா வந்தான். படித்தவன். ஃபிளெக்ஸைப் பார்த்தவன் முகம் ஒரு மாதிரி ஆகி, என் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"ஏ கொம்பையா, அது மாப்பிள்ளை வீடுன்னு உமக்கு யாருவே சொன்னா?"

"இத ஒருத்தர் சொல்லணுமாக்கும்? வாசலப் பாத்தாலே தெரியலியா?"

"போர்டுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? இல்லாதவங்களுக்கு ரொட்டி, பருப்பு, டப்பாச் சாமானெல்லாம் சும்மா குடுக்குத எடம்வே அது."

"அப்பம் மாப்பிள்ளை தர்மம் பண்ணப் போயிருப்பாரு."

"தர்மம் பண்ணப் போனவரு பைநெறையச் சாமானோடயா வெளிய வருவாரு?"

நான் நேரே ஃபிளெக்ஸைப் பார்த்து நடந்தேன். "காத்து பலமா அடிக்கு, ஃபிளெக்ஸு யார் மேலயாவது விழுந்திரும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு இரண்டு பேருமாக அதை அவிழ்த்துச் சுருட்டினோம். அன்றைக்கு வாழை இலைகூட அசையவில்லை. ஆனால் உன் மதினி காலையிலேயே அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். நீ பார்த்துவிட்டாய் என்று போன் காட்டியது. அதிலிருந்து எங்கள் போனை நீ எடுப்பதில்லை.

பிறகு யஹ்யா, உங்கள் ஊரில் இருக்கும் தன் மச்சானிடம் விசாரித்து எல்லாவற்றையும் சொன்னான். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன கம்பெனியை இழுத்து மூடிவிட்டதாகவும், வேறு வேலைக்கு அலைந்துகொண்டிருப்பதாகவும், வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அந்த சர்க்கார் உதவி கிடைக்காது என்றும் சொன்னான். உன் மதினி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒம்ம தங்கச்சி கொடுங்குளிர்ல பையத் தூக்கிக்கிட்டு நிக்கா. நீரு இங்கன இருந்து அவளுக்கு மாளிகை கட்டிக் குடுத்திருக்கீரு" என்றாள். ஸ்டேட்டஸ் வைத்தது யார் என்று நான் கேட்டிருக்கலாம். சோறு அவள் கையில் இருந்தது, கேட்கவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை, பார்த்துக்கோ. நம்மூரில் இல்லாதவன் வீட்டை ஐந்து வீடு தள்ளி நின்றே கண்டுபிடிக்கலாம், கூரை சொல்லும், சட்டை சொல்லும். அங்கே இல்லாதவனுக்கும் செங்கல் வீடு, கோட்டு, பூட்ஸ், குழாயில் வெந்நீர். வயிறு மட்டும் காலி என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வரிசையில் டீச்சரம்மாவும் பஸ் ஓட்டுகிற வெள்ளைக்காரரும்கூட வேலை உடுப்போடு வந்து நிற்கிறார்களாம். வீட்டைச் சூடாக்குவதா, அடுப்பைச் சூடாக்குவதா என்று தினமும் வீட்டுக்கு வீடு பஞ்சாயத்தாம். உலகம் பூராவும் கப்பல் விட்டு அள்ளிக்கொண்டு போனார்களே, அதையெல்லாம் எங்கேதான் வைத்தார்கள்? வைத்த இடம் மறந்துபோயிற்றோ என்னவோ. நீ அங்கேதானே இருக்கிறாய், கொஞ்சம் தேடிக் கொடேன்.

ஆனால் நீ வெட்கப்பட்டுப் போனை எடுக்காமல் இருக்கிறாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏட்டி, ரேஷன் கடை வரிசையில் வளர்ந்தவள் நீ. பாமாயில் வரவில்லை என்று நீ போட்ட சத்தத்தில் கடைக்காரர் மறுநாள் லீவு போட்டார். நம்மூரில் காரில் வருகிறவனும் அந்த வரிசையில் நிற்கிறான், எடை குறைந்தால் எகிறுகிறான், ஒருத்தருக்கும் கூச்சம் கிடையாது. அங்கே சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வர வேண்டுமாம். சண்டை போட முடியாத வரிசையில் நம் வீட்டுப் பிள்ளை எப்படி நிற்பாள்? அது எனக்குப் புரிகிறது.

நீ ராதாபுரத்தில் வாழ்க்கைப்பட்டு இருந்தவரை, தை பிறக்குமுன் பொங்கல்படிச் சீரைத் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஏறி வரவில்லையா? வெளிநாடு போனதும் "இங்க எல்லாம் கெடைக்கும் அண்ணே" என்றாய். நானும் நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிட்டேன். தங்கச்சி வேண்டாம் என்று சொல்வதை அண்ணன் காதில் வாங்கக் கூடாது என்று இப்போதுதான் புத்தி வந்தது. ஆகவே இந்தப் பெட்டியைத் திற. பச்சரிசி, அச்சுவெல்லம், பாசிப்பருப்பு, சிறுகிழங்கு, உன் மதினி போட்ட கூழ்வற்றல் எல்லாம் இருக்கிறது. கரும்பு உள்ளே அடங்கவில்லை. பொங்கல் கரும்பை வெட்டக் கூடாது என்று மதினி சட்டம் போட்டுவிட்டதால், முழுக் கரும்பையும் மஞ்சள் குலையையும் வெளியே சேர்த்துக் கட்டியிருக்கிறது. இது தர்மம் இல்லை, பிறந்த வீட்டுப் படி. மகாராணியே ஆனாலும் அண்ணன் ஒருவன் இருந்தால் படி உண்டு. மாப்பிள்ளையிடம் இதை அப்படியே சொல். மனுஷன் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று யஹ்யாவின் மச்சான் சொன்னார். அந்தப் படத்தில் அவர் சிரிப்பது சிரிப்பே இல்லை என்று இப்போது பார்த்தால் தெரிகிறது. அப்போது எனக்குப் பை மட்டும்தான் தெரிந்தது.

வேலை அமையவில்லை என்றால் வந்துவிடுங்கள். ஊர் சிரிக்காதா என்பாய். சிரிக்கும். முதலில் நானே சிரிப்பேன். அலுத்ததும் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள், அடுத்த வீட்டில் விஷயத்துக்கா பஞ்சம்? எதுவானாலும் போனை எடு. திட்டுவதென்றால் மதினி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத் திட்டு. இருந்தால் அவளும் சேர்ந்துகொள்வாள்.

பாபநாசத்துச் சிவன் உங்கள் இருவரையும் காக்கட்டும். மலையடிவாரத்தில் தண்ணீர்ச் சத்தத்திலேயே இருப்பவர், குளிர் தெரிந்தவர்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கொம்பையா

பின்குறிப்பு: இதை ஜங்ஷன் கூரியர் ஆபீஸில் இருந்து எழுதுகிறேன். அரிசி போகாதாம், வெல்லம் போகாதாம், கிழங்கு போகவே போகாதாம். "மண்ணுல வெளஞ்சது எதையும் அங்க உள்ள விட மாட்டாங்க அண்ணாச்சி" என்கிறது இங்கே இருக்கும் இசக்கிச்செல்வி என்ற பெண். "அப்பம் அந்த ஊர்ல என்னத்தத் திங்காங்க தாயி?" என்று கேட்டேன், அவள் அடுத்த ஆளின் கவரை எடை போடப் போய்விட்டாள். காகிதம் மட்டும்தான் போகுமாம். ஆகவே பெட்டியைத் திற என்று மேலே எழுதியிருப்பதை வாசிக்காதே, பெட்டி வரவில்லை.

இந்தப் பேச்சு நடக்கும்போதே மாப்பிள்ளையிடமிருந்து போன். நான் பஸ் ஏறும்போது மதினி கரும்பையும் பெட்டியையும் என்னையும் சேர்த்துப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். மனுஷன் சுகம்கூட விசாரிக்கவில்லை. "என்ன மச்சான், இது கரும்பா, ஊதுபத்தியா? ஒங்க வீட்டுப் பொங்கப்படி இம்புட்டுதானா?" என்றார். பின்னால் நீ சிரித்தது கேட்டது. பொங்கல்படியில் குறை சொல்வது மாப்பிள்ளைமார் உரிமைதான், அதற்காக நான் சும்மா விடுவேனா? தெருமுனை வரை நடந்துகொண்டே, மழையையும் மண்ணையும் கணுவையும் எடுத்துச் சொல்லிச் சண்டை போட்டேன். நல்ல சண்டை. இனி மேலே எழுதிய எதற்கும் அவசியம் இல்லை, எழுதிவிட்டதால் அனுப்புகிறேன்.

பேசி முடித்துத் திரும்பி வந்தேன். ஆபீஸ் சுவரில் சாய்த்து வைத்திருந்த கரும்பை மாடு தின்றிருந்தது. மெலிந்த கரும்புதான், அதிக நேரம் ஆகியிருக்காது.