ரோட்டுக்குத் தெற்கே நான் பிடித்த ஓட்டு

மாமனார் ஊரில் மாப்பிள்ளை என்பவன் இரண்டு காரியங்களை ஆபத்தில்லாமல் செய்யலாம். சாப்பிடலாம், சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். மூன்றாவதாக ஒன்றை முயன்றவன் நான். அதன் பலனாக ஓர் ஊராட்சிக்குத் தலைவர் கிடைத்தார். என்ன, அது எங்கள் ஊராட்சி இல்லை.

என் மனைவியின் ஊர் உப்பிலியபுரத்துக்குப் பக்கம், பச்சமலை அடிவாரம். (பெயர் வேண்டாம். இன்னும் அங்கே போய்ச் சாப்பிட வேண்டியிருக்கிறது.) நாலைந்து குக்கிராமங்களைச் சேர்த்துக் கட்டிய சின்ன ஊராட்சி. போன உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு என் மச்சானின் மனைவி வளர்மதி நின்றாள். சின்னம் பூட்டு சாவி. கோடைதோறும் குடத்தோடு கிணறு கிணறாக அலைந்து அலுத்தவள், தண்ணீர்த் தொட்டி கட்டாமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டாள். மற்ற இடங்களில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. களத்துமேடு மட்டும் யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. “அங்க விழுற ஓட்டுதான் மாப்ள முடிவு” என்றார் மச்சான்.

நான் போகிறேன் என்றேன். திருவானைக்காவலில் ஒரு குடியிருப்போர் சங்கப் பட்டிமன்றத்தில் மூன்றாவது பேச்சாளனாகப் பேசிய அனுபவம் எனக்கு உண்டு. (நடுவில் மைக் நின்றுபோனது. கூட்டம் அப்போதுதான் கை தட்டியது. அதை நான் வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தேன்.) பேரையெல்லாம் சொல்லி நீட்டாமல் சின்னத்தை மட்டும் மனத்தில் பதிய வையுங்கள் என்று மச்சான் சொல்லி அனுப்பினார். இன்னொன்றை அவர் சொல்லவில்லை. அந்த ஊரில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

களத்துமேட்டின் நடுவே ஒரு தார் ரோடு போகிறது. ஒரே ஊர், ஒரே மாரியம்மன், இந்தப் பக்கம் பெண்ணெடுத்து அந்தப் பக்கம் கொடுத்த சொந்தங்கள். ஆனால் ரோட்டுக்கு வடக்கே எங்கள் ஊராட்சி. தெற்கே அடுத்த ஊராட்சி. நானோ ஸ்ரீரங்கத்துக்காரன். எங்களுக்கு எல்லை என்றால் மதில். ஆளுயரச் சுவராவது இல்லாத இடத்தில் எல்லை இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தெற்குப் பக்கம் ஒரு புளியமரம் நல்ல நிழலாக நின்றது. மச்சானின் மொபெட்டை அங்கே நிறுத்தினேன். தேர்தல் அந்த நிழலிலேயே முடிந்துவிட்டது.

கையில் மச்சானின் மோட்டார் ரூம் பூட்டைக் கழற்றி எடுத்துப் போயிருந்தேன். (அதனால் மோட்டார் ரூம் திறந்தே கிடந்தது என்பது தனிக் குற்றச்சாட்டு.) மரத்தடியில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் முன்னால் பூட்டை உயர்த்தி, “நமது வேட்பாளர்” என்று ஆரம்பித்தவன், தாகம் எடுத்த பிறகுதான் நிறுத்தினேன். ஒரு அம்மா மோர் கொடுத்தார்.

“எங்களுக்கும் பூட்டு சாவி மேல கோவமில்ல சார். ஆனா நிக்கிறவங்க இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. நீங்களாச்சும் வந்தீங்க. இந்தக் கம்பத்துல லைட்டு எரியுமா, அதச் சொல்லுங்க.”

ஜெயித்த மறு மாதமே பகல் போல எரியும் என்றேன். நம்பிக்கைக்கு என் போன் நம்பரையும் கொடுத்தேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வாசல்களில் சிலர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு வீடாகத் தெற்குப் பக்கத்தை முடிப்பதற்குள் அவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எதிரணி போலிருக்கிறது, நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று வண்டியைக் கிளப்பினேன்.

வாக்கு எண்ணிக்கை அன்று சாயங்காலம் சேதி வந்தது. வளர்மதி கொஞ்சம் ஓட்டில் தோற்றிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்போது தெருமுனையில் தப்புச் சத்தம் கேட்டது. அது எங்கள் வீட்டை நோக்கியே வந்தது. எண்ணிக்கையில் தப்பு நடந்து திருத்திவிட்டார்களோ என்று அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

கழுத்து நிறைய மாலையோடு முன்பின் தெரியாத ஒருவர் நொண்டிக்கொண்டு படியேறினார். “ஸ்ரீரங்கத்து சார் யாருங்க?”

நான் கை தூக்கினேன்.

“நான் ரோட்டுக்குத் தெக்கால பூட்டு சாவிங்க. முட்டிவலி, களத்துமேட்டுக்கு என்னால போவ முடியல. நீங்க போயி அந்தப் பேச்சு பேசியிருக்கீங்க. அங்க விழுந்த ஓட்டுலதான் ஜெயிச்சேன். யாரு உங்கள அனுப்புனதுன்னுதான் தெரியலைங்க.” சொல்லிக்கொண்டே எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

ஊராட்சிக்கு ஊராட்சி அதே சின்னங்களைத்தான் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

“மாப்ள, வடக்கால போனீங்களா?” என்றார் மச்சான், மெதுவாக.

நான் பொன்னாடையின் சரிகையை ஆராய்ந்தேன். எதிர்ப்பக்கம் வீடு வீடாகப் போன மாப்பிள்ளை தங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று வடக்குப் பக்கம் மொத்தமும் கோபித்துக்கொண்டு மாற்றிப் போட்டது பிறகு தெரியவந்தது.

வளர்மதி என்னையும் பொன்னாடையையும் மாறி மாறிப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். கையை நீட்டினாள்.

“அந்தப் பூட்டக் குடுங்கண்ணே. மோட்டார் ரூமையாச்சும் பூட்டுவோம்.”

அந்த முட்டிவலிக்காரர் நாணயமானவர். மறு மாதமே கம்பத்தில் லைட் போட்டார். ‘ஸ்ரீரங்கத்து மாப்பிள்ளை லைட்’ என்று அதற்குப் பெயர். வெளிச்சத்துக்கு ஊராட்சி எல்லை தெரியாததால் வடக்குப் பக்கமும் எரிகிறது. அணைந்தால் புத்தூரில் என் அலுவலக மேஜையில் போன் அடிக்கிறது. நான் அவருக்கு அடிக்கிறேன். ஓட்டு இல்லாத ஊருக்கு இத்தனை உழைக்கும் பிரமுகர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த தேர்தலுக்கும் வளர்மதி நிற்கிறாள். தொட்டி இன்னும் வரவில்லை. பிராயச்சித்தமாகப் பிரசாரத்துக்கு வரட்டுமா என்று போனில் கேட்டேன். பக்கத்தில் மச்சான் சிரிப்பது கேட்டது.

“வாங்கண்ணே, தாராளமா வாங்க” என்றாள். “நல்லா சாப்புட்டுத் தூங்குங்க. முடிஞ்சதும் நாங்களே எழுப்புறோம்.”