இரண்டாவது தட்டில் ஒரு குளோரின்

பதிவேட்டில் எழுதியிருக்கிற பொருள் எழுதியபடி இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். ஒரு புதன்கிழமை காலை அவர் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்துக்குள் எழுந்தருளினார். குடுவைகளை எண்ணினார், சரியாக இருந்தது. தராசுகளை எண்ணினார், அதுவும் சரி. குற்றம் ஒன்றும் அகப்படாத எரிச்சலில் அண்ணாந்தவர் கண்ணில், சுவரில் தொங்கிய தனிம அட்டவணை பட்டுத் தொலைத்தது.

"குளோரின், முப்பத்தஞ்சரைன்னு போட்டிருக்கே. என்னம்மா அது?"

"அணு எடை சார்," என்றாள் வேதியியல் டீச்சர்.

"சரக்கு இருக்கா?"

அவள் உப்பு பாட்டிலைக் காட்டினாள். "இதுல குளோரின் இருக்கு சார்."

"அதுல முப்பத்தஞ்சரை எடையுள்ள அணு எத்தனை?"

டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் வினையாகப் போயிற்று. "ஒண்ணுகூட இல்லை சார்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. பாவம், காலையிலிருந்து அவர் கேட்ட முதல் நல்ல சேதி.

"குளோரின்ல ரெண்டு வகை சார். ரெண்டுக்கும் புரோட்டான் பதினேழுதான், குணமும் ஒண்ணுதான். ஒண்ணுல நியூட்ரான் பதினெட்டு, எடை முப்பத்தஞ்சு. இன்னொண்ணுல ரெண்டு நியூட்ரான் கூடுதல், எடை முப்பத்தேழு. ஐசோடோப்புன்னு சொல்வோம். நாலு அணு எடுத்தா சுமாரா மூணு முப்பத்தஞ்சு, ஒண்ணு முப்பத்தேழு. கூட்டி நாலால வகுத்துப் பாருங்க."

வகுத்தார். முப்பத்தைந்தரைதான் வந்தது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்?

"கணக்கு சரிம்மா, ஆள் எங்கே? ஒரே கட்டத்துல ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. எடை எழுதிவச்ச மூணாவது ஆள் வேலைக்கே வரலை. முறைகேடு!"

"சராசரிக்கு ஆள் கிடையாது சார். உங்க ஆபீஸ்ல ஒருத்தர் நாளைக்கு சராசரியா மூணரை ஃபைல் முடிக்கிறதா அறிக்கை விட்டீங்களே, அந்த அரை ஃபைல் எங்கே?"

அதிகாரி பையைத் திறந்து, பாதி எழுதிய ஃபைல் ஒன்றை மேசைமேல் வைத்தார். "இதோ."



'மேற்படி அணு நேரில் ஆஜராகும்வரை ஆய்வகம் பூட்டி முத்திரையிடப்படுகிறது' என்று உத்தரவாயிற்று. வெள்ளிக்கிழமையோ செய்முறைத் தேர்வு. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் பாழ். அதில் ஒருத்தி டீச்சர் பெற்ற மகள்.

வியாழக்கிழமை டீச்சர் ஒரு காலிப் பாட்டிலை மூடி, சீட்டு ஒட்டிக் கொண்டுபோனாள்: 'குளோரின். எடை 35.5. எண்ணிக்கை 1. திறந்தால் பறந்துவிடும்.'

அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஒண்ணும் தெரியலையே?"

"அணு சார். கண்ணுக்குத் தெரியாது."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே!"

பதிவேட்டில் அவர் கையெழுத்து, கீழே டீச்சர் கையெழுத்து. பாட்டில் அலமாரியின் இரண்டாவது தட்டில் ஏறியது, பூட்டு திறந்தது, தேர்வும் ஜாம்ஜாமென்று நடந்தது.

அத்தோடு விட்டார்களா? கிடைத்தற்கரிய அணு கிடைத்ததில் மேலிடம் பூரித்துப்போய், ஆண்டுத் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியே வைத்துவிட்டது: 'முப்பத்தைந்தரை எடையுள்ள குளோரின் அணு எங்கே உள்ளது?' விடை, 'ஆய்வகம், இரண்டாவது தட்டு.' ஆதாரம், டீச்சரின் கையெழுத்து.

முப்பத்தொன்பது பிள்ளைகள் அப்படியே எழுதினார்கள். மகள் மட்டும் 'அப்படி ஓர் அணுவே கிடையாது, அது சராசரி' என்று எழுதித் தொலைத்தாள். திருத்த வேறு டீச்சரும் கிடையாது.

விடைத்தாள் கைக்கு வந்ததும் மகள் ஓடிவந்தாள். "அம்மா, நீ சொல்லிக்கொடுத்ததைத்தானே எழுதினேன். ஏம்மா அரை மதிப்பெண்?"

டீச்சர் மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ எழுதினது நிஜம், அதுக்கு ஒண்ணு. பதிவேட்டுப்படி தப்பு, அதுக்கு சைபர். கூட்டி ரெண்டால வகுத்தேன்டி."