கடைசி வரிசை ரசிகர்

“சார், உங்க ரூம் ஏசியப் பாக்க ஆள் அனுப்பட்டுமா? ராத்திரி பூரா ஏதோ சத்தம் போட்டிருக்கு. பக்கத்து ரூம்காரங்க புகார் சொல்றாங்க.”

விடுதி வரவேற்பு மேசையில் இருந்த பெண் பணிவாகத்தான் கேட்டாள்.

“நேத்து நாங்க ஏசியே போடலையே,” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். சொன்ன பிறகுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது புரிந்தது. பக்கத்தில் நின்ற மனைவி சிவந்த கண்களால் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்கத் தொடங்கினாள்.

பக்கத்து அறைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அலையோசை கேட்டபடி தூங்கலாம் என்று காசு கொடுத்து வந்தவர்கள். அவருடைய குறட்டையில் கடலே அடங்கிப்போயிருந்தது.

ஊரில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணையெல்லாம் அகலத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்க்கிற மனிதருக்குத் தன் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் வித்தை மட்டும் கைவரவில்லை. உட்கார்ந்தால் தூக்கம், தூங்கினால் குறட்டை. வியாபாரிகள் சங்கத்தில் காலமான தலைவருக்கு மௌன அஞ்சலி செலுத்தியபோது நின்றபடியே குறட்டை விட்டுச் சரித்திரம் படைத்தவர். அன்றிலிருந்து கடைத்தெருவில் அவர் பெயர் ‘ஜெனரேட்டர்’. அதில் அவருக்கே கொஞ்சம் பெருமை உண்டு. பகலெல்லாம் அதே கடையில் கல்லாவில் உட்கார்ந்து, இரவெல்லாம் அதே வீட்டில் படுக்கும் மனைவிக்கு இல்லை.

அப்படிப்பட்டவரை அவள் கச்சேரிக்குக் கூப்பிட்டதுதான் ஆச்சரியம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவள் இல்லை. “சனி ஞாயிறு கடலோரமாப் போய்ட்டு வரலாம். அங்க ஒரு கச்சேரி இருக்காம்,” என்று திடீரென்று ஆரம்பித்தாள். நேற்று வந்து இறங்கியதும், அவர் பெட்டியைப் பிரிப்பதற்குள், தனியாக அரங்கத்துக்குப் போய் டிக்கெட்டும் வாங்கி வந்துவிட்டாள். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

“அங்க நீங்க தூங்கக் கூடாது. கொட்டக் கொட்ட முழிச்சிருக்கணும்.”

“தூங்கினா?”

“அப்புறம் நான் எங்க அக்கா வீட்டுல. நீங்களே சமைச்சு, நீங்களே கல்லாவப் பாத்துக்கிட்டு இருங்க.”

அவள் சொன்னால் செய்கிறவள். ஆனால் பயத்தைவிட அவருக்கு வருத்தம்தான் அதிகமாக இருந்தது. இவ்வளவு சங்கீத ஆசையை உள்ளே பூட்டி வைத்துக்கொண்டா என்னோடு குடித்தனம் நடத்தினாள் என்று நெஞ்சு கனத்தது. இந்த ஒரு சாயங்காலமாவது அவள் தலைநிமிர்ந்து உட்காரும்படி நடந்துகொள்வது என்று முடிவு செய்தார்.

மதியம் சாப்பிட்டதும் ஒரு யோசனை வந்தது. “இப்பவே தூங்கி வெச்சுக்கிட்டா சாயங்காலம் தூக்கம் வராதுல்ல?”

மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். குறட்டையும் பின்னாலேயே போயிற்று.

எழுந்தபோது உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. இன்னும் தூங்கு என்று கெஞ்சியது. அதை விரட்டக் கடற்கரைக் கடையில் ஒரு காப்பி குடித்தார். போதவில்லை என்று இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. தூக்கம் போகவில்லை, ஆனால் அவசரமாகப் போகவேண்டிய வேறொன்று வந்து சேரும் அறிகுறி தெரிந்தது. மணலில் கூரான சிப்பி ஒன்று கண்ணில் பட்டது. தலை சாய்ந்தால் குத்தி எழுப்பட்டும் என்று வலது ஷூவுக்குள் போட்டுக்கொண்டார். கடைசியாகத் தொழிலறிவையும் விட்டுவைக்கவில்லை. அரங்க வாசலில் நின்று, பையிலிருந்த சொட்டு மருந்தைக் கண்ணுக்கு ரெண்டு சொட்டாக விட்டுக்கொண்டார். மிளகாயைத் தேய்த்தது போல எரிந்தது. இனி யார் தாலாட்டினாலும் தூங்க முடியாது என்று திருப்தியாக இருந்தது.

இருக்கை கடைசி வரிசையில், சுவரோரமாக இருந்தது.

“இவ்ளோ பின்னாடியா?”

“முன்னாடி உக்காந்தா சத்தமா இருக்கும்.”

சங்கீதம் தெரிந்தவர்கள் அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டார். “பாடறவங்க யாரு?”

“யாரோ ஒரு அம்மா. ரொம்ப மெதுவாப் பாடுவாங்களாம்,” என்றவள் சால்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. கண்ணாடிக்கடைக்காரரின் கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. சிப்பி குத்தியதில் வலது கால் துள்ளித் துள்ளித் தரையைத் தட்டியது. குடித்த காப்பி இடமும் வலமும் நெளிய வைத்தது. பக்கத்து இருக்கை வெள்ளை மீசைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் கைக்குட்டையை நீட்டினார்.

“நானும் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கேன் தம்பி. இப்படி உருகிக் கேக்கற ஆள இப்பதான் பாக்கறேன்.”

“ஏதோ... கொஞ்சம்...”

“கால்ல தாளமும் தப்பலையே. முறையாக் கத்துக்கிட்டீங்களா?”

“இன்னைக்குத்தான் ஆரம்பிச்சேன்,” என்றார் உண்மையாகவே. என்ன அடக்கம் என்று மீசைக்காரர் நெகிழ்ந்துபோனார்.

இந்தப் பாராட்டை மனைவி கேட்டாளா என்று ஆசையோடு திரும்பினார். அவள் கண்களை மூடியிருந்தாள். லயித்துவிட்டாள் என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது. அதற்கும் கொஞ்ச நேரத்தில் மெலிதாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஒரு குறட்டை கேட்டது.

அவருக்குப் பகீரென்றது. பாவம், எத்தனை ஆசையோடு வந்தவள். நேற்று ராத்திரி நான் போட்ட சத்தத்தில் கண் மூடாமல் கிடந்து, பாட்டு கேட்கிற நேரத்தில் அசந்துவிட்டாளே என்று மனசு அடித்துக்கொண்டது. எழுப்பினால் எல்லோர் முன்னாலும் அவளுக்கு அவமானம். எழுந்து போகலாம் என்றால், தோளை அசைக்க முடியாது. சிப்பி வேலை செய்துகொண்டே இருந்தது. காப்பியும்.

முன்னால் இருந்த வரிசையில் ஒரு தலை திரும்பியது. பிறகு இன்னொன்று. மீசைக்காரரும் யார் அது என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

குறட்டைக்கென்றே பேர் வாங்கியவன் நான் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கெட்ட பெயர்? கண்ணாடிக்கடைக்காரர் சட்டென்று தலையைத் தொங்கப் போட்டார், வாயைப் பிளந்தார், கண்களை இறுக மூடிக்கொண்டார். பழி தன்மேல் விழட்டும் என்று பார்த்தால், நடிப்பு பிரமாதமாக அமைந்துவிட்டது. ஒரே சிக்கல், அவருடைய உடம்பும் அதை நம்பிவிட்டது.

கண் விழித்தபோது பாட்டு நின்றிருந்தது. அரங்கம் முழுவதும் பின்பக்கம் திரும்பியிருந்தது. மீசைக்காரர் தன் கைக்குட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்.

“கடைசி வரிசை ஐயா முடிச்சதும் நான் தொடர்றேன்,” என்றார் பாடகி மைக்கில். அரங்கமே சிரித்தது.

மனைவி சால்வையைச் சுருட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். அவர் நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினார். கழிப்பறையைக் கடந்தபோதுகூட நிற்கவில்லை. அந்த நேரத்தில் அதுவே பெரிய தியாகம்.

“ஒரே ஒரு வேலதான் சொன்னேன்,” என்றாள் படியருகே நின்று. தூக்கம் கலைந்த கண்களில் நீர் கோத்திருந்தது. “ஒரே ஒரு சாயங்காலம் முழிச்சிருங்கன்னேன்.”

“சத்தியமா முழிச்சுத்தாம்மா இருந்தேன். கண்ணப் பாரு, ஷூவ வேணாக் கழட்டிக் காட்டறேன். நீ அசந்துட்ட, உன்மேல பழி வரக் கூடாதுன்னுதான் நான்...”

“பேசாதீங்க.”

“பாட்டுமேல உனக்கு இவ்ளோ உசுருன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. எல்லாத்தையும் கெடுத்துட்டேன்.” அவர் கண்ணில் மறுபடியும் நீர் வழிந்தது. இந்தத் தடவை சொட்டு மருந்து காரணமில்லை.

டிக்கெட் கவுன்ட்டரைப் பூட்டிக்கொண்டிருந்த பெண் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அவரைக் கவனிக்கவில்லை, மனைவியை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள்.

“என்னக்கா, அதுக்குள்ள எழுந்து வந்துட்டீங்க? வீட்டுக்காரரு முழிச்சிருக்கற இடத்துல ஒரு ரெண்டு மணி நேரமாவது தூங்கணும், நல்லாச் சாயற சீட்டாக் குடும்மான்னு கேட்டு வாங்கிட்டுப் போனீங்களே.”