பத்து மணித் தாக்குதல்

மணி பத்து அடித்ததும், மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கோடு கிடுகிடுவென்று மேலே ஏறியது.

"வந்துட்டான்!" என்று நாற்காலியிலிருந்து துள்ளினார் சர்வர் சார். அந்தப் பெயரைக் கேட்டுப் புதியவர்கள் அவரிடம் காபி சொல்வதுண்டு. உண்மையில் அவர் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் சர்வரைக் கட்டிக் காப்பவர். இன்று பத்து மணிக்கு வெளியிலிருந்து ஒரு நிபுணர் அதைத் தாக்கிச் சோதிப்பார் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. சர்வர் விழுந்தால் சாரின் வேலையும் விழும்.

"திங்கட்கிழமைன்னா கூட்டம் இப்படித்தானே சார் அள்ளும்?" என்றார் டோக்கன் கவுன்ட்டர் அக்கா.

"இது கூட்டமில்லக்கா. மூளை!"

டோக்கன் புரோகிராம் இவ்வளவு நினைவகத்துக்கு மேல் தின்னக் கூடாது என்று சர்வர் சார் ஒரு வரம்பு போட்டார். வரம்பைத் தொட்டதும் அது பொத்தென்று விழுந்தது. டோக்கன் வராமல் கவுன்ட்டர் ஊழியர்கள் ஆறு பேரும் பட்டனைப் போட்டுத் தட்டோ தட்டென்று தட்டினார்கள்.

புரோகிராம் விழுந்தால் தானே எழுந்து, துணைக்குத் தன்னைப் போலவே இன்னொன்றையும் கூட்டிக்கொள்ளும்படி மாற்றினார். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்நூறாயிற்று. ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள் சமர்த்தாகத்தான் இருந்தது. எல்லாமாகச் சேர்ந்து நினைவகத்தை வழித்து நக்கிவிட்டன.

மூச்சு முட்டிய இயங்குதளம், இடம் வேண்டி மற்ற புரோகிராம்களைக் கொல்லத் தொடங்கியது. முதலில் மருந்துப் பட்டியல் போனது. பிறகு எக்ஸ்ரே.

சர்வர் சாருக்கு மெய் சிலிர்த்தது. "நான் போட்ட வரம்பையே எனக்கு எதிரா திருப்பறான்! எப்பேர்ப்பட்ட ஆளு!"

மேலாளர் அம்மா ஓடிவந்தார். "வராந்தாவுல இருநூறு பேர் நிக்கறாங்க. ஒருத்தர் மயங்கியே விழுந்துட்டார். ஏதாவது பண்ணுங்க!"

"மொத்தமே இத்தனை புரோகிராம்தான் ஓடணும்னு கடிவாளம் போட்டுடறேம்மா."

போட்டார். பெருகல் நின்றது. அந்தக் கணக்கில் அவருடைய திரையும் அணைந்தது. திரும்ப நுழையப் பார்த்தார். 'இடமில்லை' என்றது சர்வர்.

"உங்களையே வெளியில தள்ளிட்டாரா?" மேலாளர் அம்மாவின் குரலில் கோபம் போய்ப் பக்தி வந்திருந்தது.

"நாப்பதே நிமிஷம்மா! வேலை போனாலும் பரவாயில்ல. அந்த மகானை ஒரு தடவை கண்ணால பாத்துட்டாப் போதும்."

கதவு தட்டப்பட்டது. தோளில் பையோடு, மழையில் தொப்பலாக நனைந்த ஓர் இளம்பெண் நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க சார், பஸ் பாதி வழியில நின்னுடுச்சு. சர்வரைச் சோதிக்க வந்திருக்கேன். இப்போ தாக்க ஆரம்பிக்கலாமா?"